புழுங்கலரிசியும் பெரிபெரியும்: ஒரு துணைநொதியத்தின் வரலாறு

அக்கரைப்பற்று மக்களுக்கு நெல்லைப்பற்றிச் சொல்லப் புகுவது கொல்லன் தெருவிலே ஊசி விற்பதற்கு ஒப்பாகும். வட்டையிலே விதைத்து, வயற்காவல் காத்து, சூடடித்து, தூற்றி, வண்டியேற்றி வீடு கொணர்ந்து பழகிய பரம்பரை நம்முடையது. 1949ஆம் ஆண்டிலே தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் பட்டிப்பளை ஆற்று நீர் பெருகிப் பாய்ந்த பின்னர், இப்பகுதி ஈழத்தின் நெற்களஞ்சியங்களுள் ஒன்றாகவே பெயர் பெற்றுவிட்டது. ஆயினும், நம் வீட்டுப் பெண்கள் கிடாரத்திலே நெல்லை அவித்துப் பாயிலே உலர்த்திய அந்தச் சிறு தொழிலுக்கும், உலகத்து ஆராய்ச்சியாளர் ஐம்பது ஆண்டுகள் தேடியலைந்த ஓர் இரகசியத்திற்கும் உள்ள தொடர்பை நம்மிற் பலர் அறியார். அவ்வரலாற்றை இம்மலரின் வாயிலாக இளைஞர் அன்பர்களுக்கும் பெரியோர்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அந்த இரகசியத்தின் பெயர் தயமின். விற்றமின் பி1 என்று மருந்துக்கடைக்காரர் சொல்வதும் இதையே. உடலுக்குட் சென்றதும் இது இரண்டு பொசுபேற்றுக் கூட்டங்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு ஒரு துணைநொதியமாக மாறுகிறது. நொதியம் என்பது கலத்தினுள்ளே இரசாயன மாற்றங்களை விரைந்து நடத்தும் புரதப் பொருள். சில நொதியங்கள் தனித்து வேலை செய்யா. அவற்றுக்குக் கைக்கருவிபோல இன்னொரு சிறு பொருள் வேண்டும். தச்சன் எவ்வளவு கைதேர்ந்தவனாயினும் உளியின்றி என் செய்வான்? அந்த உளிதான் துணைநொதியம். தயமினாகிய உளி இல்லாவிட்டால் நாம் உண்ட சோறு சக்தியாக மாறாது பாதிவழியிலே தேங்கி நின்றுவிடும். அவ்வாறு தேங்கியதால் வரும் வியாதிக்குப் பெரிபெரி என்று பெயர்.

பெயரைக் கேட்டவுடனே இது நமக்கு அயலிலுள்ள சொல் என்பது புலனாகும். 'முடியாது' என்று பொருள்படும் சிங்களச் சொல் இரட்டித்து வந்ததே பெரிபெரி என்பது பலர் கூறும் விளக்கம். நடக்க முடியாது, நிற்க முடியாது என்று நோயாளி சொல்லியதே நோய்க்குப் பெயராயிற்றாம். பெயருக்கு வேறு மூலம் கூறுவோரும் உளர். எப்படியாயினும், பத்தேவியாவிலே ஒல்லாந்தக் கும்பினியின் வைத்தியராயிருந்த யாக்கோபுஸ் பொந்தியுஸ் என்பவர் எழுதி, அவர் இறந்தபின் 1642இல் அச்சான நூலிலேயே இந்நோய் இப்பெயரால் விவரிக்கப்பட்டுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இலங்கையிலிருந்த ஆங்கிலப் படையினரிடையே இது பரவியபோது, தோமஸ் கிறிஸ்ரி என்னும் இராணுவ வைத்தியர் இதைப்பற்றி எழுதிவைத்தார். 1835இல் சென்னை மாகாணத்து வைத்தியர் மல்கம்சன் ஒரு தனி நூலே எழுதினார்.

நோய் இருவகைப்படும். ஒன்றிலே கால்கள் மரத்து, தசை சூம்பி, பாதம் தொங்கி, நடை தளர்ந்து மனிதன் படுக்கையிலே கிடப்பான். மற்றதிலே காலும் முகமும் வீங்கி, மூச்சுத் திணறி, இதயம் திடீரென ஓய்ந்துவிடும். பிற்காலத்திலே மூன்றாவதொரு கொடுமையும் தெரியவந்தது. தாயிடம் தயமின் குறைந்திருந்தால், பார்வைக்குத் தாய் நலமாயிருக்கவும், முலையுண்ணும் குழந்தை இரண்டு மூன்று மாதத்திலே இறந்துபோகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இது அங்குமிங்கும் தோன்றி மறையும் நோயாயிருந்தது. பின்னர் இரங்கூனிலும் பாங்கொக்கிலும் சைகோனிலும் நீராவி ஆலைகள் எழுந்தன. உரலும் உலக்கையும் ஒருநாள் முழுவதும் செய்ய இயலாததை இயந்திரம் சில நிமிடங்களிற் செய்தது. உமியோடு தவிடும் முளையும் முற்றாக நீங்கி, முத்துப்போல் வெண்மையான அரிசி மூட்டை மூட்டையாகக் கப்பலேறியது. அவ்வரிசி சென்ற இடமெல்லாம் பெரிபெரியும் சென்றது. சிறைச்சாலை, படைமுகாம், சுரங்கம், கப்பல், பைத்தியசாலை என ஒரே சமையலறையிலிருந்து எல்லாருக்கும் சோறு போடும் இடங்களிலே அது கூட்டங் கூட்டமாக மனிதரைக் கொன்றது.

ஆனால் அரிசியை ஒருவரும் ஐயுறவில்லை. பஸ்தரும் கொக்கும் கிருமிகளைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றிருந்த காலம் அது. எந்த நோய்க்கும் ஒரு கிருமி இருந்தே தீரவேண்டும் என்பது அன்றைய வைத்திய உலகின் வேதவாக்கு. உள்ளே ஏதோ புகுந்ததால் நோய் வரும் என்று எண்ணினார்களேயன்றி, உள்ளே ஏதோ இல்லாமையாலும் நோய் வரலாம் என்று எண்ண அவர்களால் முடியவில்லை. இந்த மனத்தடைக்கு விலையாகக் கொடுக்கப்பட்ட உயிர்கள் கொஞ்சமல்ல.

யப்பானியக் கடற்படையின் வைத்தியர் தகாகி கனெஹிரோ உணவை ஐயுற்றவர்களுள் முதல்வர். 1882ஆம் ஆண்டு புறப்பட்ட ரியூஜோ என்னும் பயிற்சிக் கப்பலிலே 376 பேரில் 169 பேர் நோயுற்றனர். 25 பேர் இறந்தனர். 1884இலே சுகூபா என்ற கப்பலை அதே வழியில், உணவை மாற்றி அனுப்புவித்தார். நோயுற்றோர் சிலரே, இறந்தவர் ஒருவருமிலர். புரதம் குறைந்ததே காரணம் என்று அவர் கருதியது தவறாயினும் மருந்து பலித்துவிட்டது. யப்பானியத் தரைப்படையோ அவரை நம்பவில்லை. 1904-05 உருசிய யுத்தத்திலே அப்படை பெரிபெரிக்குப் பல்லாயிரம் வீரரைப் பலிகொடுத்தது.

அடுத்த காட்சி யாவாவிலே. 1886இல் ஒல்லாந்த அரசாங்கம் பெரிபெரிக் கிருமியைத் தேடிப்பிடிக்க ஒரு குழுவைப் பத்தேவியாவுக்கு அனுப்பிற்று. அதிலே வந்து பின்னும் அங்கேயே தங்கியவர் கிறிஸ்தியான் ஐக்மன். 1889இலே அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் தளர்ந்து, கழுத்து வளைந்து விழத்தொடங்கின. அவர் காரணம் காணுமுன்னரே கோழிகள் தாமாகவே எழுந்து நடந்தன. விசாரித்துப் பார்த்தபோது உண்மை வெளியாயிற்று. கோழிக்காரன் இராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து மீந்த வெள்ளைச் சோற்றை வாங்கிக் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறான். புதிதாக வந்த சமையற்காரரோ, இராணுவச் சோற்றைச் சிவில் கோழிகளுக்குக் கொடேன் என்று மறுத்துவிட்டார். கோழிகள் மட்டரகத் தவிட்டரிசிக்குத் திரும்பின, பிழைத்தன. உத்தியோகச் சட்டம் பேசும் மனிதர்களால் உலகுக்கு நன்மையும் விளையும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமோ!

ஐக்மனின் நண்பர் வோர்தர்மன் யாவாவின் நூற்றுக்கு மேற்பட்ட சிறைச்சாலைகளை ஆராய்ந்தார். ஏறக்குறைய 280,000 கைதிகளின் கணக்கு அது. தவிட்டரிசி வழங்கிய 37 சிறைகளில் ஒன்றிலே மட்டும் பெரிபெரி இருந்தது; வெள்ளையரிசி வழங்கிய 51 சிறைகளில் 36இலே இருந்தது. இத்தனைக்குப் பின்னும் ஐக்மன், வெள்ளையரிசியிலே ஒரு நஞ்சு உண்டு, தவிடு அதற்கு மாற்று என்றே எண்ணினார். நஞ்சு ஒன்றுமில்லை, தவிட்டோடு அவசியமான ஒரு பொருள் போய்விடுகிறது என்று 1901இலே எழுதியவர் அவருக்குப் பின்வந்த கிரெய்ன்ஸ். 1929இல் நோபல் பரிசு ஐக்மனுக்குக் கிடைத்தது. கிரெய்ன்ஸை உலகம் மறந்துவிட்டது.

இனி, தமிழர் இவ்வரலாற்றிலே புகுமிடத்துக்கு வருவோம். அது மலாய் நாடு.

இலங்கையிலிருந்து, சிறப்பாக யாழ்ப்பாணத்திலிருந்து, மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போன குடும்பங்களின் கதையை நம்மவர் அறிவர். அவர்களிலும் பன்மடங்கு தொகையினர் தமிழ்நாட்டிலிருந்து தோட்டக் கூலிகளாகச் சென்றோர். அங்கே மூன்று இனத்தவர் ஒரே வெயிலிலும் மழையிலும் வாழ்ந்தனர். ஈயச் சுரங்கங்களிலே உழைத்த சீனர் ஆயிரக்கணக்கிலே பெரிபெரியால் மடிந்தனர். கம்பங்களிலே தம் நெல்லைத் தாமே குத்தி உண்ட மலாய்க்காரரை நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. தமிழரையும் அது தீண்டியது மிக அருமை. நெகிரி செம்பிலானிலே அரசாங்க வைத்தியராயிருந்த பிறாடன் இதைக் கூர்ந்து கவனித்தார். சீனர் உண்டது சயாமிலும் இரங்கூனிலுமிருந்து வந்த பச்சை வெள்ளையரிசி. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த புழுங்கலரிசி. காற்றும் நீரும் குடிசையும் ஒன்றாயிருக்க, அரிசி மட்டுமே வேறாயிருந்தது. 1907இலே அவர் வெளியிட்ட பெரு நூலின் அத்திவாரமே இதுதான். பழைய வெள்ளையரிசியிலே பூஞ்சணத்தால் நஞ்சு உண்டாகிறது என்று அவர் முடித்தது பிழை; ஆனால் குற்றவாளி அரிசிதான் என்று சரியாகச் சுட்டிவிட்டார்.

அவருடைய கூற்றைச் சோதிக்க முனைந்தவர் கோலாலம்பூரிலே வைத்தியராயிருந்த வில்லியம் பிளெச்சர். 1905ஆம் ஆண்டு இறுதியிலே அங்குள்ள பைத்தியசாலை நோயாளரை வரிசையாக எண்ணி, ஒற்றை எண்ணினரை ஒரு பக்கமும் இரட்டை எண்ணினரை மறு பக்கமுமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சயாம் வெள்ளையரிசி, மற்றதற்குப் புழுங்கலரிசி. கட்டடத்திலே நோய் இருக்கிறதோ என்ற ஐயமும் எழாதிருக்க, இடையிலே இரு கூட்டத்தாரையும் இடம் மாற்றியும் வைத்தார். ஓராண்டு முடிவிலே, வெள்ளையரிசி உண்டோர் ஏறக்குறைய 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட கூட்டமும் அதே அளவினது. அங்கே இந்நோயால் இறந்தவர் ஒருவருமிலர்.

பாடநூல்கள் இப்பரிசோதனையின் ஒழுங்கை மெச்சுகின்றன. மெச்சத்தக்க ஒழுங்குதான். ஆனால் அந்தப் பதினெண்மரிடம் உனக்கு எந்த அரிசி வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விடை சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. இன்று எந்த நாட்டிலும் இப்படியொரு சோதனைக்கு அனுமதி கிடையாது. விஞ்ஞானத்தின் படிக்கட்டுகளிலே சிலவற்றை நாம் கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறுகிறோம்.

பைத்தியசாலையிலே கண்டதை வெளியுலகிலே நிறுவியவர்கள் கோலாலம்பூர் வைத்திய ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிறேசரும் ஸ்ரான்ரனும். 1907இலே டுரியான் திபுஸ் என்னுமிடத்துக் காட்டிலே தெருப்போட வந்த ஏறக்குறைய 300 யாவாத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, முன்போலவே இருவகை அரிசி கொடுத்தனர். வெள்ளையரிசிப் பிரிவிலே நோய் தோன்றியது. அரிசியை மாற்றியதும் அங்கே நின்றது. முன் நலமாயிருந்த மறு பிரிவிலே தோன்றியது. 1910இலே மணிலாவிற் கூடிய தூரகிழக்கு வைத்தியர் மாநாடு, பெரிபெரிக்கும் தீட்டிய வெள்ளையரிசிக்கும் உள்ள தொடர்பை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது.

இவ்விடத்திலே ஒன்று சொல்லவேண்டும். 'பார்த்தீர்களா, நம் முன்னோர் விற்றமினை அறிந்தே நெல்லை அவித்தார்கள்' என்று மேடைகளிலே முழங்குவோர் உண்டு. அது வரலாறாகாது. அவித்த நெல்லின் உமி எளிதிலே கழலும்; அரிசி நொறுங்காது; பூச்சி விரைவிலே பற்றாது; சோறு குழையாது; வயிற்றிலே நின்று பிடிக்கும். இவற்றுக்காகவே அவித்தார்கள். அறியாமலே பெரும்பயன் அடைந்தார்கள். அறிந்து செய்தார்கள் என்று பொய்ப்பெருமை பூசுவதால் அவர்களுடைய கைத்திறமையின் மதிப்பு கூடிவிடப் போவதில்லை. அதேபோல, மலாயாவிலே தமிழர் நலமாக வாழ்ந்தார்கள் என்றும் எவரும் எண்ணிவிடலாகாது. பெரிபெரிக்குத் தப்பிய அவர்களை மலேரியாவும் வயிற்றோட்டமும் கொழுக்கிப் புழுவும் தோட்டந் தோட்டமாகக் கொன்று குவித்தன.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இதற்கு மற்றொரு சான்று உண்டு. பழைய சென்னை மாகாணத்திலே பெரிபெரி நெடுங்காலம் குடிகொண்டிருந்தது வட சர்க்கார் என்னும் தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களிலே. அங்குள்ள மக்கள் பச்சரிசி உண்பவர்கள். தெற்கே புழுங்கலரிசி உண்ணும் தமிழ் மாவட்டங்களிலே நோய் அருமை. குன்னூரிலே உணவு ஆராய்ச்சி நடத்திய மக்கரிசனும் அவருடன் உழைத்த நொரிசும் 1924இலே இதை விரிவாக எழுதினார்கள். நாமும் பொங்கலுக்கும் படையலுக்கும் பச்சரிசிதானே எடுக்கிறோம் என்று கேட்கலாம். ஆண்டிலே சில நாட்கள் உண்பதால் கேடில்லை. அன்றியும் நம் பொங்கலிலே சேரும் பயறு தயமின் நிறைந்த பண்டம்.

தவிட்டிலே உள்ள பொருள் யாது? 1912இலே போலந்து நாட்டவரான கசிமிர் பங்க் அதற்கு 'விற்றமின்' என்று பெயரிட்டார். பொருள் கைக்கு அகப்படுமுன் பெயர் உலகெங்கும் பரவிவிட்டது. 1926இலே பத்தேவியாவிலே யான்சனும் தொனாத்தும் தவிட்டை மலைபோற் குவித்து வடித்து, அதிலிருந்து ஒரு சிட்டிகைப் பளிங்கை எடுத்தனர். அதன் அமைப்பை முற்றாகத் துலக்கி, 1936இலே செயற்கை முறையில் ஆக்கியவர் அமெரிக்கரான ரொபேட் வில்லியம்ஸ். இவர் 1886இலே நெல்லூரிலே பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். அரிசிக்குப் பேர்போன நெல்லூரிலே பிறந்தவரே அரிசித் தவிட்டின் இரகசியத்தை உடைத்தது தற்செயல்தான். ஆயினும் சுவையான தற்செயல். மணிலாவிலே வெடர் என்னும் இராணுவ வைத்தியர் தவிட்டுச் சாற்றை ஒப்படைத்த 1910ஆம் ஆண்டு தொடக்கம், வேறு உத்தியோகம் பார்த்துக்கொண்டே, இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாக இதையே துரத்தினார்.

இனி, இந்தப் பொருள் கலத்தினுள்ளே என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒக்ஸ்போட்டிலே ருடொல்ப் பீற்றர்ஸ் வெள்ளையரிசி ஊட்டிய புறாக்களை ஆராய்ந்தார். தலை பின்னோக்கி வளைந்து விழும் அப்புறாக்களின் மூளையிலே இலற்றிக் அமிலமும், பின்னர் பைருவிக் அமிலமும் தேங்கியிருப்பதை அவருடைய கூட்டத்தார் கண்டனர். நோயுற்ற மூளை இழையத்தைக் கண்ணாடிக் குழாயிலிட்டுத் தயமினைச் சிறிது சேர்த்தால், அது மீண்டும் ஒட்சிசனை வேண்டிய அளவு உறிஞ்சியது. நோய் என்பது கண்ணுக்குத் தெரியும் சிதைவு மட்டுமன்று. இரசாயனச் சங்கிலியிலே ஒரு கண்ணி அறுவதுமாம் என்று அவர் கூறியது வைத்தியத்துக்கே ஒரு புதுப்பார்வை.

சங்கிலி இதுதான். நாம் உண்ட சோற்றின் மாப்பொருள் குளுக்கோசாகிக் கலத்தை அடைகிறது. அங்கே அது இரண்டாகப் பிளந்து பைருவிக் அமிலமாகிறது. இதுவரை ஒட்சிசன் தேவையில்லை. கிடைக்கும் சக்தியும் சொற்பம். பைருவிக் அமிலம் கலத்தின் அடுப்பங்கரையாகிய இழைமணிக்குட் சென்று, ஒரு கரியமில வாயுவை இழந்து, அசற்றைல் துணைநொதியம் ஏ என்னும் பொருளாக மாறினாற்றான் எஞ்சிய சக்தி முழுவதும் வெளிப்படும். அந்த வாயிலிலே நிற்கும் நொதியத்தின் உளியே தயமின். அதைக் கடந்த பின் வரும் சுற்றுவழியிலும் இன்னோரிடத்திலே அதே உளி வேண்டியிருக்கிறது.

சக்தியைக் கலம் நாணயமாக மாற்றிப் புழங்குகிறது. அடினோசின் முப்பொசுபேற்று என்பது அந்த நாணயத்தின் பெயர். ஒரு குளுக்கோசு மூலக்கூறு வாயிலைக் கடந்து முற்றாக எரிந்தால் கிடைப்பது இன்றைய கணக்கிலே 30 அல்லது 32 நாணயம். (பழைய பாடநூல்களிலே 36, 38 என்று படித்த பெரியோர் கலங்கவேண்டாம்; கணக்குப் பின்னர் திருத்தப்பட்டது.) வாயில் அடைபட்டால் கிடைப்பது இரண்டே இரண்டு. மூளையும் நரம்பும் பெரும்பாலும் குளுக்கோசையே நம்பியுள்ளவை. இதயம் ஒரு கணமும் ஓயாத வேலையாள். ஆகவே கூலி குறைந்ததும் முதலிலே தளர்வன இவைதாம். காலின் மரப்பும் மூச்சின் திணறலும் எங்கிருந்து வந்தன என்பது இப்போது விளங்கும். சோறு நிறைய உண்டும் கலம் பட்டினி கிடக்கிறது. அதுமட்டுமன்று; மாப்பொருள் அதிகம் உண்ண உண்ணத் தயமின் தேவையும் அதிகரிக்கும். வெள்ளைச் சோற்றையே மூன்று வேளையும் உண்டவன் செலவைக் கூட்டி வரவைக் குறைத்துக்கொண்டவன்.

இந்த நாணயத்தை 1929இலே கண்டவர்களுள் நம் பக்கத்தவர் ஒருவரும் இருக்கிறார். பீமவரத்திலே 1895இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் பயின்ற எல்லாப்பிரகட சுப்பராவ், ஹார்வாட்டிலே பிஸ்க் என்பவருடன் உழைத்து அதை அறிவித்தார். கதர் அணிந்தமைக்காக ஆங்கிலப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, முழுப்பட்டம் கிடைக்காமல் கீழ்ப்பட்டத்தோடு வெளிவந்தவர் அவர். அதே ஆண்டிலே ஜேர்மனியிலே தனித்துக் கண்டவர் கார்ல் லோமன். எட்டு ஆண்டுகளின் பின், 1937இலே, ஷுஸ்ரர் என்பவரோடு சேர்ந்து, மதுவத்திலிருந்து எடுத்த துணைநொதியமொன்று தயமினும் இரண்டு பொசுபேற்றும் சேர்ந்ததே என்று நிறுவியவரும் இதே லோமன்தான். பத்தேவியாவின் கோழிக்கும் கலத்தின் அடுப்புக்கும் இடையிலான முடிச்சு அன்று அவிழ்ந்தது.

இப்போது நம் கிடாரத்துக்குத் திரும்பலாம். நெல்மணியிலே தயமின் நிறைந்திருப்பது முளையையும் அதைச் சூழ்ந்த பகுதியையும் தவிட்டுப் படையையும் பற்றி. ஊறவைத்து அவிக்கும்போது, நீரிலே கரையும் இயல்பினதாகிய தயமின் உள்நோக்கி நகர்ந்து மாப்பகுதியிலே பதிந்துவிடுகிறது. வெப்பத்தால் மாப்பசை இறுகி அதைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுவதும் போகாது. தீட்டாத அரிசி 100 கிராமிலே தயமின் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 மில்லிகிராம் வரை இருக்கும். வெண்மையாகத் தீட்டிய பச்சரிசியிலே 0.1க்கும் குறைவு. தீட்டிய புழுங்கலிலே அதன் இரண்டு மூன்று மடங்கு எஞ்சும். ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டுவது ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். உடல் முழுவதிலும் சேர்ந்திருக்கும் இருப்போ 25, 30 மில்லிகிராம்தான். வரவு நின்றால் இரண்டு மூன்று வாரத்திலே இருப்புத் தீரும்.

சிவப்புப் பச்சரிசி உண்பவர் அச்சங்கொள்ள வேண்டியதில்லை. அச்சிவப்பு தவிட்டுப் படையின் நிறம், நிறம் இருக்குமட்டும் சத்தும் இருக்கும். அரிசியை ஐந்தாறு தண்ணீரிலே கசக்கிக் கழுவுவதும் கஞ்சியை வடித்து வாய்க்காலிலே ஊற்றுவதும் கையிலுள்ளதை நாமே கொட்டுவதாகும். வடித்த கஞ்சியிலே உப்பிட்டுக் குடித்த நம் கிழவிகள் ஏழ்மையாலே குடித்தார்கள். ஆயினும் அவர்களே கெட்டிக்காரிகள்.

பலவகைக் கறியும் பருப்பும் மீனும் கிடைக்கும் இக்காலத்திலே பழைய பெரிபெரி நம்மிடையே தோன்றுவது அருமை. எனினும் துணைநொதியம் தன் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. பெருங்குடியரிடம் இன்றும் தயமின் வற்றி மூளை தாக்குண்கிறது. அத்தகையவர்க்குக் குளுக்கோசு ஏற்றுமுன் தயமின் ஊசி போடுவது வைத்தியர் வழக்கம். உளி இல்லாத பட்டறையிலே மரத்தை மட்டும் குவித்தால் கேடு மிகுமன்றோ. 2003ஆம் ஆண்டு இஸ்ரவேலிலே, தயமின் சேராது தயாரிக்கப்பட்ட சோயாப் பால்மாவை உண்ட குழந்தைகள் சிலர் இறந்தனர், பலர் ஊனமுற்றனர்.

மலாயாத் தமிழர் கதையை இடையிலே விட்டோம். அதன் பிற்பகுதி இது. 1941 டிசம்பரிலே யப்பானியர் மலாயாவிலே இறங்கினர். இந்தியாவிலிருந்து புழுங்கலரிசிக் கப்பல் வருவது நின்றது. 1942ஆம் ஆண்டின் நடுவிலிருந்து 1943 ஒக்டோபர் வரையிலே, சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீற்றர் இரயில்பாதை போடப்பட்டது. போர்க்கைதிகளோடு பல்லாயிரம் தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். கிடைத்தது கெட்டுப்போன வெள்ளையரிசி, அதுவும் போதாது. முப்பது நாற்பது ஆண்டுக்கு முன் எந்தச் சனங்களின் நலத்தைப் பார்த்து வைத்தியர்கள் பெரிபெரியின் காரணத்தை ஊகித்தார்களோ, அந்தச் சனங்களின் பிள்ளைகள் காலராவும் மலேரியாவும் வயிற்றுளைவும் சூழ, கால் வீங்கி, அதே பெரிபெரியாலும் காட்டிலே விழுந்தார்கள். தயமின் செயற்கையாக ஆக்கப்பட்டு அப்போது ஏழாண்டு ஆகிவிட்டது. போர்க்கைதிகளின் முகாம்களிலே வெள்ளைக்கார வைத்தியர்கள் அரிசித் தவிட்டைத் தேடிப் பெற்று நோயாளர்க்கு ஊட்டிச் சிலரைக் காப்பாற்றினர். தமிழ்க் கூலிகளின் முகாம்கள் பலவற்றிலே வைத்தியரே இருக்கவில்லை.